வாப்பாவின் பொருளும் பிள்ளையின் பொறுப்பும்

மனிதன் மீதுள்ள கடமைகளை நம் உலமாக்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று அல்லாஹ்வுக்குரிய ஹக்கு. மற்றொன்று அடியார்களுக்குரிய ஹக்கு. முன்னதில் குறை நேர்ந்தால் உளமார தவ்பாச் செய்து அவனிடமே மன்றாடலாம். பின்னதிலோ, உரியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமலும், அவருடைய பொருத்தத்தைப் பெறாமலும் தவ்பா நிறைவு பெறாது. இது நம்மில் அநேகர் அறிந்த விஷயமே. ஆயினும், அந்த 'உரியவர்' நம்மைப் பெற்றவராகவே இருந்துவிட்டால் இந்தச் சட்டம் நம் நினைவுக்கு வருவதில்லை. அந்நியரின் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டால் உடனே பணத்தை எடுத்து நீட்டுகிறோம். வாப்பாவின் பொருளுக்குச் சேதம் வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெளியூரில் தொழில் செய்யும் ஒரு மகன் பெருநாளுக்காகக் குடும்பத்துடன் வாப்பாவின் வீட்டுக்கு வருகிறார். இரவில் தம் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, வாசலில் நிற்கும் வாப்பாவின் பழைய காரில் பம்பர் உரசிவிடுகிறது. கதவில் ஒரு சாண் நீளத்திற்குக் கீறல். ஓரத்தில் சிறு நசுங்கல். யாரும் பார்க்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார். காலையில் தொழுகை, விருந்தினர், உறவினர் வீடுகள் என்று பொழுது போய்விடுகிறது. மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிடுகிறார். அதன் பிறகுதான் வாப்பாவின் கண்ணில் அந்தக் கீறல் படுகிறது. மகன் மீது அவருக்குச் சந்தேகமே எழாது. தினமும் வண்டியைக் கழுவ வரும் பையன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று எண்ணிக்கொள்கிறார்.

இத்தகைய மகனின் மனம் தனக்குத்தானே சில சமாதானங்களைச் சொல்லிக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாக மார்க்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, 'வேண்டுமென்றா செய்தேன்?' என்பது. பாவம் வேறு, நஷ்டஈடு வேறு என்பதை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். தவறுதலாக நடந்ததற்குப் பாவம் இல்லை. ஆனால் அழிந்த பொருளின் பொறுப்பு நீங்குவதில்லை. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும் அதற்குரிய ஈட்டை அவருடைய குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் (4:92) கட்டளையிடுகிறது. உயிரின் நிலையே இதுவென்றால் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'ளமான்' எனும் இப்பொறுப்புக்கு எண்ணம் நிபந்தனையல்ல என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டநூலின் 92-வது பிரிவும், நேரடியாகச் சேதம் செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளியே என்று கூறுகிறது.

இரண்டாவது, 'வாப்பா வீடு நம் வீடுதானே!' என்பது. தந்தையர், தாய்மார் முதலியோரின் வீடுகளில் உண்பது குற்றமில்லை என்று திருமறை (24:61) அனுமதிப்பது உண்மைதான். அந்த அனுமதி உண்பதற்கு. சேதப்படுத்திவிட்டு மௌனமாக இருப்பதற்கு அதில் இடமில்லை. மகனும் அவனுடைய செல்வமும் தந்தைக்குரியவை என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் வருகிறது. அதுவும் தந்தையின் உரிமையைச் சொல்கிறதே தவிர, தந்தையின் செல்வம் மகனுக்குரியது என்று சொல்லவில்லை.

இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தம். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, மற்றொரு மனைவியார் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்குரிய மனைவியார் கையால் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. உடைந்த துண்டுகளையும் சிதறிய உணவையும் தாமே சேர்த்து எடுத்தார்கள். அது பெண்மனத்தின் ரோஷம் என்று கூறி, அங்கிருந்தோரின் மனத்தை இலகுவாக்கினார்கள். ஆனால் அத்துடன் விட்டுவிடவில்லை. உணவு கொண்டுவந்த ஊழியரை நிறுத்திவைத்து, உடைத்தவரின் வீட்டிலிருந்தே ஒரு நல்ல பாத்திரத்தைக் கொடுத்தனுப்பினார்கள்; உடைந்ததை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம். விலையோ ஒரு பாத்திரத்தின் விலை. எனினும் 'நமக்குள்தானே' என்று கணக்கு விடப்படவில்லை. கணக்குத் தீர்ப்பதற்காக அன்பும் குறைக்கப்படவில்லை. வீட்டுக்குள் நேரும் சிறு சேதத்திற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி நமக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது, 'பெற்றோருக்கு மாதந்தோறும் எவ்வளவோ அனுப்புகிறேன். இது ஒரு பெரிதா?' என்பது. பெற்றோருக்குச் செய்யும் உபகாரம் நம் மீதுள்ள கடமை. அன்பளிப்பாகக் கொடுத்ததைப் பின்னர் கடனடைத்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது.

நான்காவது சமாதானம் சற்று மென்மையானது. 'சொன்னால் வாப்பா வருத்தப்படுவார்' என்பது. முதியவரோ நோயாளியோ ஆனால் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். அப்போது முதலில் பட்டறைக்கு வண்டியை அனுப்பி டிங்கர் வேலையையும் பெயின்டையும் செய்து முடித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து இதமாகச் சொல்லலாம். சொல்லும் நேரத்தைத் தள்ளிவைக்கலாம், சொல்லாமலே விட்டுவிடலாகாது. ஏனெனில் மேற்சொன்ன உதாரணத்தில், மகனின் மௌனம் வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலேயே நின்றுவிடவில்லை. ஓர் ஏழைப் பையனின் நாணயத்தின் மீது அது விழுந்துவிட்டது. அவனுடைய அன்றாடப் பிழைப்பே போய்விடலாம். தான் செய்த குற்றத்தை நிரபராதியின் மீது போடுபவர், அவதூற்றையும் பகிரங்கமான பாவத்தையும் சுமந்துகொள்கிறார் என்று அல்லாஹு தஆலா (4:112) எச்சரிக்கிறான். மதீனாவில் முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்தவர் திருடிய கவசத்தின் பழி ஒரு யூதரின் மீது சுமத்தப்பட்டபோது, அந்த யூதரின் நிரபராதத்தை விளக்கி இத்தொடர் வசனங்கள் இறங்கியதாக முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். நாம் வாயால் பழி சுமத்தவில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது. உண்மையை அறிந்தவர் நாம் ஒருவர் மட்டுமே என்றிருக்க, பழி மற்றொருவர் மீது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி நியாயமாகும்? செய்தி காதில் விழுந்த அந்த நொடியே வாப்பாவிடம் உண்மையைச் சொல்லி, அந்தப் பையனின் மனத்தையும் குளிரச் செய்வது கடமை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். நடந்ததை மறைக்காமல் சொல்வது. பழுதுபார்க்கும் செலவை ஏற்பதாகக் கூறுவது. பின்னர் பொருத்தம் தேடுவது. 'இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சிலர் கூறுவர். அதன் மார்க்கச் சட்டம் தனி விஷயம். நம் நாட்டில் நஷ்டஈடு கோராத வண்டிக்குப் பிரீமியத்தில் முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவிகிதமும், தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் 50 சதவிகிதமும் தள்ளுபடி கிடைக்கிறது. சிறு கீறலுக்காகக் கோரினால் அந்தத் தள்ளுபடியை இழப்பவர் வாப்பாதான் என்பதையும் மகன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாப்பா பெரும்பாலும், 'போகட்டும் மகனே, ஹலால்!' என்றே சொல்லிவிடுவார். அத்துடன் பொறுப்பு நீங்கிவிடும். ஆனால் எதை மன்னிக்கிறோம் என்று அவர் அறிந்திருக்க வேண்டும். அளவு அறியப்படாத கடனை விட்டுக்கொடுப்பது செல்லாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட சொல். 'ஏதாவது தவறு செய்திருந்தால் மாப்புச் செய்யுங்கள்' என்று பெருநாளன்று பொதுவாகக் கேட்டுவிட்டு, கீறலைப் பற்றி வாய் திறக்காமல் போவது போதாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தானாக முன்வந்து உண்மையைச் சொல்லும்போது கடிந்து விழாதீர்கள். உண்மை சொன்னவன் அவமானப்பட்டால், அடுத்த முறை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான்.

இன்னுமொன்று: தீர்க்கப்படாத பொறுப்பு, தந்தை மௌத்தாகிவிட்டால் தானாக அழிந்துபோவதில்லை. அது அவருடைய சொத்தில் சேர்ந்துவிடும். உம்மாவுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் அதில் பங்கு வந்துவிடும். நேற்று ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்த பொருத்தத்தை நாளை பலரிடம் கேட்க வேண்டியதாகும். தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன், இன்றே உரியவரிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்திருப்பதும் இதற்காகவே.

சிறியதையும் சிறிதென்று எண்ணாமல், உரியவரின் ஹக்கை உரிய காலத்தில் நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.