யாருடைய அரிசி

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் எல்லோரும் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கையில் எடுத்தால் மனசுக்குள் கணக்கு ஓடும், கட்டு திரும்பக் கூடைக்குப் போகும். வீட்டுக் கடன் தொடங்கியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. டாலரில் சம்பாதித்து டாலரில் கட்டுகிறவனுக்கு ரூபாய்க் கணக்கு எதற்கு? அரிசிக்கு மட்டும் விடுவதில்லை. பெட்ரோலோ காப்பியோ விலை ஏறினால் அலுத்துக்கொள்கிறோம். பொன்னி விலை ஏறினால் நமக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டது போல உணர்கிறோம். அந்த உணர்ச்சி நியாயமானதுதானா என்பதே என் கேள்வி.

நான் குடியிருக்கும் லிட்கம்மில், ரயில் நிலையத்தைச் சுற்றிக் கொரியக் கடைகள். அரிசி அங்கே மூட்டை மூட்டையாக இருக்கிறது, எல்லாம் குட்டையாக ஒட்டிக்கொள்ளும் ரகம். காய்க்கு அடுத்த நிறுத்தமான ஃப்ளெமிங்டனில் சந்தை. பாராமட்டா சாலையில் காஸ்ட்கோ. பொன்னியும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் ஹோம்புஷ் பக்கமோ, கொஞ்சம் தள்ளி வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கமோ போகவேண்டும். நாங்கள் வழக்கமாகப் போவது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார்.

2023 ஜூலை 20 அன்று இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டில் சில்லறை விலை ஓராண்டில் 11.5 சதவீதம் ஏறியிருப்பதை அரசு காரணமாகச் சொன்னது. எல் நினோ பற்றிய பயமும் அடுத்த வருடத் தேர்தலும் சொல்லாமல் விளங்கியவை. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் ஆட்கள் மூட்டைகளுக்காக முண்டியடிக்கும் காணொளிகள் அன்றிரவே எங்கள் வாட்ஸப் குழுக்களுக்கு வந்தன. அந்த வார இறுதியில் அண்ணா கடையில் அரிசி அடுக்கு காலி.

காலியான அடுக்கில் பாதி புழுங்கல் அரிசிக்கு உரியது. பொன்னிப் புழுங்கலும் இட்லி அரிசியும் அந்தத் தடைக்குள் வரவே இல்லை. புழுங்கலுக்கு ஆகஸ்ட் 25-ல்தான் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. அறிவிப்பை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. காரில் ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம், "நம்ம அரிசிய நமக்கே தர மாட்டேங்கிறானுங்க சார்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த 'நம்ம' என்ற சொல்லை.

எந்த வழியில் அது நம்முடையது? நாம் உழவில்லை. அந்த மண்ணுக்கு வரி கட்டுவதில்லை. நம்மில் பலருக்கு அங்கே ஓட்டுக்கூட இல்லை. நாக்குக்கு அது பழக்கம், உண்மை. அம்மா கையால் முதலில் ஊட்டப்பட்டது அது, அதுவும் உண்மை. ஏக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பதினேழு வருடமாக இங்கே சாப்பாட்டு மேசையில் நான் செய்துவருவதும் அதைத்தான். ஆனால் ஒன்றின்மேல் ஏக்கம் இருப்பது அதன்மேல் உரிமை இருப்பதாகாது. பழைய வீட்டை விற்றுவிட்டு வந்தவருக்கு அந்த முற்றத்தின் நினைவு உண்டு, சாவி கிடையாது.

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் பெரியப்பா மகனோடு அந்த ஆகஸ்டில் பேசினேன். அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்துவிட்டு, கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். கடைமடையில் குறுவை காய்ந்தது. "அங்க அரிசி என்ன விலைடா?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதுல எனக்கு எவ்வளவு?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அந்தப் பருவத்துச் சன்ன ரக நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2310 ரூபாய். கிலோ 23 ரூபாய் 10 காசு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 43 சென்ட். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். ஆக, நான் இரண்டு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கும் அரிசியில் நெல்லின் பங்கு 65 சென்ட் தேறும். மிச்சம் ஆலை, சாக்கு, லாரி, கப்பல், கிடங்கு, கடை வாடகை. தடையால் சிட்னியில் ஏறிய டாலர்களில் ஒன்றுகூட மன்னார்குடிக்குப் போகவில்லை. நல்ல விலைக்கு வெளியே விற்கும் வழியை அடைத்துவிட்டால் உள்ளூரில் நெல் விலை அமுங்கும் என்பதுதான் அவருடைய வருத்தம். அண்ணனை வைத்துப் பார்த்தால் தடை தவறு. ஆனால் அதே ஊரில் நடவுக்கு வரும் அம்மா சந்தையில் அரிசி வாங்குகிறவர், ரேஷன் அரிசி மாதக் கடைசிவரை போதாதவர். அவரை வைத்துப் பார்த்தால் தடை சரி. இருவருக்கும் வாதம் இருக்கிறது. காரில் ஆறு மூட்டை ஏற்றியவரின் வாதம் அந்த வரிசையில் எங்கே நிற்கும்?

அரிசியை ஊருக்கு வெளியே போகவிடுவதா என்ற கேள்விக்கு நம் பக்கம் பழைய வடு ஒன்று இருக்கிறது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கிக் கிடந்தன. வைஸ்ராய் லிட்டன் ஆடம் ஸ்மித் வழிவந்த தடையற்ற வாணிபக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு, தானியச் சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்றார். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் அரசுக் கணக்கில் தானியம் வாங்கியது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியில் தானியம் நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். அந்த வருடங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

1981-ல் வெளிவந்த 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அமர்த்தியா சென் விளக்கியது இதைத்தான். உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. இருக்கும் உணவை அடையும் வழி ஒரு பிரிவினருக்கு அற்றுப்போவதால் வருகிறது. தானியம் பசி இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகாது. காசு இருக்கும் இடத்துக்குப் போகும். 1877-ல் அந்தக் காசு லண்டனில் இருந்தது. இன்று அதில் ஒரு சிறு துளி நம் பையில் இருக்கிறது. நம்மை நாம் எப்போதும் இழந்தவர்களாகவே நினைத்துக்கொள்கிறோம். ஊரை இழந்தோம், ருசியை இழந்தோம். சந்தையின் கணக்கிலோ நாம் இழுக்கும் பக்கத்தில் நிற்கிறவர்கள்.

அரிசி விலை நம் ஊர்களில் ஆட்சியையே அசைத்திருக்கிறது. 1953-ல் இலங்கையில் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. அக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1967-ல் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சோடு ஓர் ஆட்சி வந்தது. சிட்னியில் பொன்னி விலை பத்து டாலர் ஏறினால் எந்த நாற்காலியும் ஆடாது. ஆடாமல் இருப்பது நம் பாக்கியம்.

இதோடு நிறுத்திவிட்டால் தடை போட்டவர்கள் ஏழைகளுக்காகப் போட்டார்கள், நாம் வாய்மூடி இருக்க வேண்டும் என்று முடிந்துவிடும். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களும் இல்லை, புலம்பெயர்ந்தவர்களும் இல்லை. பெனின், ஐவரி கோஸ்ட், மடகாஸ்கர் மக்கள் அவர்கள். இட்லி அரிசிக்காக ஏங்குகிறவர்கள் அல்ல. மலிவாகக் கிடைப்பது அது என்பதால் வாங்குகிறவர்கள். தடையின் உண்மையான அடி அவர்கள்மேல் விழுந்தது. பின்னால் பிலிப்பைன்ஸ், கேமரூன், மலேசியா, கினி என்று அரசுக்கு அரசு கேட்டுப் பெறும் விதிவிலக்குகள் வந்தன. கேட்கும் குரல் இருந்த நாட்டுக்குக் கிடைத்தது. நாம் யாராவது தடையை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டுமானால் கோட்டனூவில் அரிசி வாங்கும் பெண்ணுக்காகப் பேசியிருக்க வேண்டும். எங்கள் குழுக்களில் அந்த ஊர்ப்பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை.

சரி, 2022-ல் இந்தியா ஏற்றுமதி செய்தது 2.2 கோடி டன்னுக்கு மேல், அதில் என் ஒரு மூட்டை எம்மாத்திரம் என்று நண்பர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தில்லியிலும் ஒன்றும் மாறாது, கோட்டனூவிலும் மாறாது. வாங்காமல் இருந்து புண்ணியம் தேட முடியாது என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. எத்தனை வாங்கலாம் என்பதற்கு அது பதில் இல்லை. டன் கணக்கில் ஒன்றுமில்லாத மூட்டை, கடை அடுக்கில் பெரிய விஷயம். அங்கே இருபது மூட்டை இருந்தால் நான் எடுப்பது இருபதில் ஒன்று.

மிச்சத்துக்கு யார் வருகிறார்கள் என்பதும் தெரிந்ததே. இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் மாணவர்கள். 2023 ஜூலையிலிருந்து படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அவர்கள் வேலை செய்யலாம். வாடகை போன மிச்சத்தில் அரிசியும் பருப்பும் முட்டையும்தான். ஒருவேளைச் சாப்பாட்டை வெளியே வாங்கும் காசில் அவர்களுக்கு நான்கு நாள் சமையல் நடக்கும். விலை ஏறுமுன் வாங்கி அடுக்கிவைக்கக் கையில் காசும் கராஜும் வேண்டும். இரண்டும் இருப்பவர்கள் நாங்கள், வீடு வாங்கிய நாற்பதுக்காரர்கள். எங்களுக்கு வேறு வழியும் உண்டு. தாய்லாந்து மல்லிகை அரிசி இருக்கிறது, ரிவரினாவில் மரம்பிஜி ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசி இருக்கிறது. ரிவரினா அரிசியில் அரைத்த மாவு தோசைக்குக் குற்றமில்லை, இட்லி கொஞ்சம் பிசுபிசுக்கும். என் மாமியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்த சரக்கு வந்தபோது அண்ணா ஓர் அட்டையில் 'ஒரு குடும்பத்துக்கு ஒரு பை' என்று எழுதித் தொங்கவிட்டார். இரண்டு மடங்கு விலை தருவதாகச் சிலர் நின்றார்களாம். விற்றிருந்தால் அது வியாபாரம்தான், சட்டப்படி குற்றமில்லை. சந்தை விதிப்படி விலையை ஏற்றினால் உண்மையில் தேவைப்படுகிறவர் மட்டும் வாங்குவார் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். தேவை கூடியவரும் காசு கூடியவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த விதி சரி. ஏன் விற்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"காசு தாறன் எண்டு நிண்டவை கன பேர் தம்பி. குடுத்தா பின்னுக்கு நிக்கிற பொடியனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். பிறகு தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடையைப் பற்றிப் பேசினார். பற்றறி, சவுக்காரம், மண்ணெண்ணெய். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் படித்த பரீட்சை. அப்போது பதுக்கி விற்றவர்களின் பெயர்கள் இன்றும் அவருக்கு நினைவிருக்கின்றன. கடனுக்குக் கொடுத்த ஒரு சங்கக்கடை மனேஜரின் பெயரும். இந்தியத் தடையை அவர் திட்டவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது அவையின்ர அரிசி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பில்லைப் போடப் போனார்.

எல்லோரும் அட்டையை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவன் ஒரு வரிசையிலும் மனைவி ஒரு வரிசையிலும் நின்று தெரியாதவர்கள்போல் வாங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அண்ணாவும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

2024 செப்டம்பர் 28-ல் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அக்டோபரில் புழுங்கல் வரியும் போனது. கடையில், ஏறியதில் பாதிதான் இறங்கியது. கப்பல் கூலி, வாடகை என்று அண்ணா காரணம் சொன்னார். மன்னார்குடி அண்ணன் அந்த வருடச் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார். அட்டையைக் கழற்றிக் கல்லாவுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார்கள். மைசூர் பருப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்துச் செய்தது அது.