உடனாய் நிற்பது

பாகாயத்தில் ஆரணிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், ஜவ்வாது மலைப் பாதைகளுக்கென்று மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்த பழைய ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக்கின் கைகளைப் பார்த்தபடி, ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். உயிர் இறைவனோடு கூடும்போது உயிர் என்று ஒன்று எஞ்சி நிற்கிறதா, எஞ்சி நின்றால் அதைக் கூட்டம் என்று சொல்லலாமா, எஞ்சாவிட்டால் கூடிய ஆனந்தத்தை நுகர்பவர் யார் என்று நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த வினாவுக்கு, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில் ஒரு வெளிச்சம் கிடைக்கும் என்று நான் நினைத்துப் போகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிறந்த வில்லிஸ் ஜீப்பைப் போருக்குப் பின் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டி விற்கத் தொடங்கியது முதல், மலையும் காடும் உள்ள ஊர்களில் அந்த வண்டிக்குத் தனி மதிப்பு. அதன் உயிர்நிலை கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பதும் அதுவே. போர்க்கால வண்டியில் 1.97-க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, இழுவிசையை ஏறக்குறைய இருமடங்காக்குவதும் அதுவே. நான் பார்த்த வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் வேறு வண்டியிலிருந்து வந்தவை. ஆகையால் அவற்றைத் தாங்கும் கிராஸ் மெம்பரையும் மவுண்டிங்கையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

ஜாக்கியின் மேல் கியர் பாக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி அரை அங்குலம் மட்டும் உள்ளே போக மறுத்தது. போல்ட்டைப் போட்டு முறுக்கினால் மூடிக்கொள்ளும் என்று கையாள் பையன் ஸ்பானரை நீட்ட, "வேணாம்டா தம்பி, பிளேட்டு போயிடும்" என்றார் மெக்கானிக் பாய். கியரைப் போட்டுவிட்டுப் பின்புற ஃபிளாஞ்சைக் கையால் பற்றி, நூல் நூலாகத் திருப்பினார். உள்ளே ஷாஃப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டின் பற்களைத் தேடிக்கொண்டிருந்தன. திடீரென்று, ஓசை ஏதுமின்றி, அந்தப் பெருங்கனம் தானே முன்னகர்ந்து பொருந்திற்று. மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வந்தபோது, இறையருள் பதியும் சத்திநிபாதம் நிகழும் என்று சைவ சித்தாந்த ஏட்டில் படித்திருக்கிறேன். பக்குவம் வராத இடத்தில் பலாத்காரம் உதவாது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

எஞ்சினோடு கியர் பாக்ஸும், கியர் பாக்ஸோடு டிரான்ஸ்ஃபர் கேஸும் இரும்புக்கு இரும்பாக இறுகிவிட்டன. ஆனால் இவை அனைத்தையும் சேசிஸோடு சேர்க்கும் இடத்தில் பாய் உள்ளங்கையளவு ரப்பர் மவுண்டிங்கை வைத்தார். ஏன் இங்கே மட்டும் ரப்பர் என்று கேட்டேன். "இழுத்துப் பிடிச்சா உடையும் சார், விட்டுப் பிடிச்சாத்தான் நிக்கும்." ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது, நடுவே இளக்கம் இல்லாவிட்டால் கியர் பாக்ஸின் காதுகள் விண்டுபோகும். ரப்பர் மிகவும் தளர்ந்துவிட்டாலோ பெட்டி துள்ளும், போட்ட கியர் கழன்றுவிடும். தோல் தொழிலை அறிந்த ஆம்பூர்ப் பக்கத்தாருக்கு இது புதிதன்று: பதனிடாத தோல் காய்ந்தால் விறைத்து வெடிக்கும், ஈரத்தில் கிடந்தால் அழுகும், ஆவாரம் பட்டையின் சாறு இழைதோறும் ஊறிய பிறகே அது வளைந்தும் கிழியாமல் உழைக்கிறது.

அத்துவிதம் என்ற சொல்லிலுள்ள 'அ'கரம் இரண்டாவது பொருளே இல்லை என்னும் இன்மையைக் குறிக்கவில்லை, இரண்டாய்ப் பிரிந்து நிற்பதன்று என்னும் அன்மையையே குறிக்கிறது என்பது சைவ சித்தாந்திகளின் துணிபு. இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்று அவர்கள் வகுத்த முறையில், உடலும் உயிரும் போல என்று முதலாவதையும், கண்ணும் கதிரவனும் போல என்று இரண்டாவதையும் உடனே பற்றிக்கொண்ட எனக்கு, 'உடனாய்' என்பது மட்டும் வெறுஞ்சொல்லாகவே இருந்து வந்தது. இறுகப் பிணைந்தும் அசைய இடம்விட்டும் நிற்கின்ற அந்த மவுண்டிங்கைப் பார்த்த பிறகு அது வெறுஞ்சொல்லாக இல்லை. இந்த உவமைக்கும் எல்லை உண்டு. இரும்பும் ரப்பரும் சடம். அவற்றுக்குத் தாம் கூடியிருப்பது தெரியாது. உயிரோ சித்து, கூட்டத்தை அறிவதும் அதில் இன்புறுவதும் அதற்கே உரியவை. அதனாலேயே அது எஞ்சி நிற்க வேண்டியிருக்கிறது என்று நான் கொள்கிறேன்.

இந்த 'உடனாய்' நிலைக்கு அருகிலேயே ஒரு பெயரும் உண்டு: வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில், விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் மார்க்கபந்தீசுவரருக்கு வழித்துணைநாதர் என்று திருநாமம். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் தோன்றிய அப்பைய தீட்சிதர், கேவலாத்வைதத்தைத் தம் நூல்களில் நிலைநாட்டிய மகாபண்டிதர். இந்த வழித்துணைநாதரைப் போற்றும் மார்க்கபந்து ஸ்தோத்திரமும் அவருடையதே. பிரம்மம் ஒன்றே என்று வாதித்த அப்பெரியாரின் நாவிலும், வழிச்செல்கையில், துணை என்ற பெயரே வந்தது. துணை என்றால் இருவர் வேண்டும். அவ்விருவரும் பிரியாதிருக்கவும் வேண்டும்.

மாலையில் கிராஸ் மெம்பரின் போல்ட்டுகளை, அதுவரை கைமுறுக்காகவே விட்டுவைத்திருந்தவற்றை, ரப்பர் தன் இடத்தில் அமர்ந்த பின்னர் ஒவ்வொன்றாக இறுக்கினார் பாய். எஞ்சின் கிளம்பியதும் மீண்டும் அடியில் புகுந்து, டிரான்ஸ்ஃபர் கேஸின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அசையாதிருந்தார். வண்டி கணியம்பாடிப் பக்கமாக, அமிர்திக் காட்டை நோக்கிப் போயிற்று. முன்கண்ணாடியில் வழித்துணைநாதர் படம் ஒட்டியிருந்தது.