அடித்துக் கேட்டால் உண்மை வந்துவிடுமா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக.



காவல் நிலையத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. அதைக் கேட்டதும் நம் உள்ளத்தில் முதலில் எழும் வார்த்தை எது? அல்லாஹ்வின் சந்நிதியில் அந்த வார்த்தைக்கும் கணக்கு உண்டா? இந்த வாரம் நாம் யோசிக்க வேண்டியது இதுதான்.

நமக்குப் பக்கத்தில் நடந்தவை

2020 ஜூன் 19. பள்ளிவாசல்களில் ஜும்ஆவே நடக்காத ஊரடங்குக் காலம். சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜெயராஜைப் போலீசார் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தையைத் தேடிப் போன மகன் பென்னிக்சும் உள்ளே வைக்கப்பட்டார். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான் சொல்லப்பட்ட குற்றம். விடிய விடிய அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் சான்று வாங்கப்பட்டது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவு கொடுத்தார். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் கழுகுமலை தாண்டி வருகிற அதே கோவில்பட்டிதான். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலையில் தந்தை இறந்தார். சி.பி.ஐ. விசாரித்து, காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மதுரை நீதிமன்றத்தில் வழக்கு 5 ஆண்டுகளைத் தாண்டியும் நீண்டது.

2023 மார்ச்சில், விசாரணைக்கு வந்தவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக அம்பாசமுத்திரத்திலிருந்து புகார்கள் வந்தன.

2025 ஜூன் 27. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்தவர் அஜித்குமார். சாமி கும்பிட வந்த ஒருவர், காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார் சொன்னார். காரை நிறுத்தச் சொல்லி அஜித்குமாரிடம்தான் சாவி கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாததால் வேறொருவரை வைத்து நிறுத்தச் செய்தார். தனிப்படைப் போலீசார் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அடித்தார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். காவலர்கள் 5 பேர் கைது செய்யப்பட்டார்கள். இந்த வழக்கும் சி.பி.ஐ.க்குப் போனது.

இவற்றைப் படித்தபோது நம் கண் கலங்கியது உண்மை. ஸ்டேட்டஸ் வைத்தோம், கண்டித்தோம், துஆ செய்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

அதே நாவு, வேறு நாளில்

ஆனால் அன்புச் சகோதரர்களே, மற்ற நாட்களில் நம் வாயிலிருந்து வருவது என்ன?

வீட்டில் நகை காணாமல் போகிறது. வேலைக்கு வரும் பெண்மீது சந்தேகம். "ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு தட்டு தட்டச் சொன்னா தானா கக்கிருவா" என்கிறோம். கையில் மாவுக்கட்டோடு ஒருவன் உட்கார்ந்திருக்கும் போட்டோ வருகிறது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த குரூப்புக்கு அனுப்புகிறோம். பெரிய குற்றம் ஒன்று நடந்தால், "கோர்ட்டு கேஸுன்னு இழுக்காம சுட்டுத் தள்ளுங்க" என்று எழுதுகிறோம்.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே அதுதான் நடந்தது. கால்நடை மருத்துவரான ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிக்கப்பட்ட 4 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், செத்தவர்களில் 3 பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று அது சொன்னது. அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நியாயமான தீர்ப்பும் அதோடு போய்விட்டது.

சாத்தான்குளத்தில் அடித்த கைக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? மாவுக்கட்டுக்குச் சிரித்த, என்கவுண்டருக்குக் கைதட்டிய கூட்டத்திடமிருந்தும் வந்தது. அந்தக் கூட்டத்தில் நாமும் நின்றிருந்தால்?

நுஃமான் (ரலி) வைத்த நிபந்தனை

அபூதாவூதில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. கலாஉ என்ற கூட்டத்தாரின் பொருட்கள் திருடு போயின. அவர்கள் சில பேர்மீது சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டது யாரை என்று கவனியுங்கள்: தறி நெய்து பிழைப்பவர்களை. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எந்தக் காலத்திலும் சந்தேகம் முதலில் போய் விழுவது கூலிக்கு உழைப்பவன் மீதுதான்.

நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் அந்த நெசவாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு விடுவித்துவிட்டார். பொருளைப் பறிகொடுத்தவர்களுக்குக் கோபம். அடிக்காமல், உலுக்காமல் எப்படி விடலாம் என்று வந்து கேட்டார்கள்.

அதற்கு அவர் சொன்ன பதிலின் கருத்து இது: விரும்பினால் அவர்களை அடிக்கிறேன். பொருள் கிடைத்துவிட்டால் சரி. கிடைக்காவிட்டால், அவர்கள் முதுகில் எத்தனை அடி விழுந்ததோ அத்தனை அடி உங்கள் முதுகிலும் விழும். இது உங்கள் தீர்ப்பா என்று வந்தவர்கள் கேட்டார்கள். இது அல்லாஹ்வின் தீர்ப்பு, அவனுடைய தூதரின் தீர்ப்பு என்றார் நுஃமான் (ரலி).

அடிப்பவனைப் பற்றி மட்டும் இந்தச் சம்பவம் பேசவில்லை. அடிக்கச் சொல்பவனையும் நிறுத்தி வைத்துக் கேட்கிறது. "ரெண்டு தட்டு தட்டுங்க" என்று சொல்லுமுன், அந்த அடிக்கு நம் முதுகைப் பிணையாக வைப்போமா? நம் பிள்ளையின் முதுகை வைப்போமா? வைக்க மாட்டோம் என்றால், அடுத்தவன் பிள்ளையின் முதுகைக் காட்ட நமக்கு உரிமை கொடுத்தது யார்?

வலியில் வரும் வார்த்தை

'அடித்தால்தான் உண்மை வரும்' என்ற வாதத்துக்கும் மார்க்கத்தில் பதில் உண்டு. மக்கத்துக் குறைஷிகள் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களைச் சித்திரவதை செய்தார்கள். வலி தாங்காமல் அவர்கள் சொல்லச் சொன்ன குஃப்ருடைய வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். பிறகு நபி (ஸல்) அவர்களிடம் அழுதுகொண்டே வந்தார். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, நிர்ப்பந்தத்தால் நாவு சொன்னதற்குக் குற்றம் இல்லை என்று 16:106 வசனம் இறங்கியது.

வார்த்தைகளிலேயே பாரதூரமானது குஃப்ருடைய வார்த்தை. வலியில் வந்தால் அதையே அல்லாஹ் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியானால் அஜித்குமார் போன்ற ஒருவரின் வாயிலிருந்து வலியில் வரும் "நான்தான் எடுத்தேன்" என்ற வார்த்தையை நாம் எப்படி உண்மை என்று எடுப்பது?

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் ஒருவர் சொன்ன தகவலால் பொருள் கைப்பற்றப்பட்டால், அதோடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "எங்கே வச்சிருக்கே சொல்லு" என்று அடிப்பதற்கான ஆசை இந்த இடுக்கில்தான் ஒளிந்திருக்கிறது. எடுக்காதவன் எந்த இடத்தைக் காட்டுவான்? காட்ட இடம் இல்லாததாலேயே அவனுக்கு அடி அதிகம்.

நம்ம ஆளா, வேற ஆளா?

மதீனாவில் ஒரு திருட்டு நடந்தது. திருடியவன் முஸ்லிம்களின் கூட்டத்தில் இருந்தவன். பழியை ஒரு யூதர்மீது போட்டான். அவனுடைய ஆட்கள் அவனுக்காகப் பேச வந்தார்கள். அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதலான வசனங்கள் இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். துரோகிகளுக்காக வாதாட வேண்டாம் என்றும், தான் செய்த பாவத்தை நிரபராதிமேல் தூக்கிப் போடுபவன் பெரும் அவதூறைச் சுமக்கிறான் என்றும் அல்லாஹ் எச்சரித்தான். பழி சுமத்தப்பட்ட ஒரு யூதருக்காக வானத்திலிருந்து வஹீ வந்தது!

ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) ஷாம் தேசத்தில் போய்க்கொண்டிருந்தார். வரி பாக்கிக்காக விவசாயிகள் சிலரை வெயிலில் நிறுத்தி, தலையில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஹிஷாம் (ரலி) 'நமக்கென்ன' என்று கடந்து போகவில்லை. உலகத்தில் மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபி (ஸல்) சொன்னதைத் தாம் கேட்டதாக அங்கேயே அறிவித்தார். ஆளுநரிடமும் போய்ச் சொன்னார். விவசாயிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

விசாரணைக் கைதியாகக் காலம் கழிவது என்றால் என்ன என்று நம் சமுதாயத்துக்கு நன்றாகவே தெரியும். 1998-ல் கைதான அப்துல் நாசர் மதானி அவர்கள், கோவை குண்டுவெடிப்பு வழக்கில் குற்றமற்றவர் என்று 2007 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். இடையில் போன 9 ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? 'குற்றம் நிரூபணமாகும்வரை குற்றவாளி என்று சொல்லாதீர்கள்' என்று அன்று நாம் உலகத்திடம் கேட்டோம். நமக்காகக் கேட்ட அந்த நியாயம் ஜெயராஜுக்கும் பென்னிக்சுக்கும் அஜித்குமாருக்கும் உண்டு. நமக்குப் பிடிக்காத ரவுடிக்கும் உண்டு. பகை உங்களை நீதி தவற வைத்துவிட வேண்டாம் என்று 5:8 வசனம் எச்சரிப்பது இதைத்தான். பிடித்தவனுக்கு நீதி கேட்க ஈமான் தேவையில்லை, பாசம் போதும்.

பொருள் போனவனுக்கு என்ன வழி?

நியாயமான கேள்வி. பொருள் போனவனும் மஜ்லூம்தான், அநீதி இழைக்கப்பட்டவன்தான். புகார் கொடுப்பது அவனுடைய உரிமை. திருடனுக்குச் சட்டப்படி தண்டனை கேட்பதும் உரிமை. தெருவில் நாம் நிம்மதியாக நடக்கக் காவல்துறை வேண்டும். இரவெல்லாம் முழித்து வேலை பார்க்கும் நேர்மையான காவலர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

சாத்தான்குளம் வழக்கில் உண்மை வெளிவரக் காரணமானவர்களில் ஒருவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. சக காவலர்கள் வெளியே நிற்க, அவர் பயத்தோடுதான் மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். மடப்புரத்தில் அஜித்குமார் அடிக்கப்பட்டதை மறைந்திருந்து செல்போனில் பதிவு செய்தவர் கோயிலில் வேலை செய்த ஒருவர். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் அல்லாஹ்வுக்காக நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது 4:135 வசனத்தின் கட்டளை. அதை ஓதி வளர்ந்த நாம், அப்படி ஒரு நேரம் வந்தால் வாய் திறப்போமா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, நாவையும் விரலையும் காப்போம். மாவுக்கட்டுப் படம் வந்தால் நம்மோடு நிற்கட்டும்.

இரண்டாவது, புகார் கொடுக்கும்போது நடந்ததை மட்டும் எழுதுவோம். சந்தேகத்தை உண்மைபோல் எழுத வேண்டாம். அடிக்கச் சொல்லி ஆள் பிடிக்கவே வேண்டாம். சந்தேகங்களில் சில பாவமாகும் என்று 49:12 வசனம் சொல்கிறது.

மூன்றாவது, சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவச சட்ட உதவி எண் 15100. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இந்த எண் இருக்கட்டும். மஹல்லாவில் ஒருவரை, அவர் எந்த மதத்தவரானாலும், இரவில் அழைத்துப் போனால், ஜமாஅத்தார் இரண்டு பேர் ஒரு வக்கீலோடு நிலைய வாசலில் போய் மரியாதையாகக் கேட்கட்டும். வெளியே ஆள் நிற்பது தெரிந்தால் உள்ளே கை ஓங்கத் தயங்கும்.

நான்காவது, நம் பிள்ளைகளில் காவலர்கள், மருத்துவர்கள், வக்கீல்கள் உண்டு, இனியும் வருவார்கள். சாத்தான்குளத்தில் லத்தி ஒரு பக்கம் என்றால் கையெழுத்துகள் இன்னொரு பக்கம். காயத்தைப் பார்த்தும் பார்க்காமலும் போடும் கையெழுத்து மறுமையில் எழுந்து நின்று பேசும் என்று அவர்களுக்குச் சொல்லி வளர்ப்போம்.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே திரை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை எச்சரித்து அனுப்பினார்கள். பூட்டிய அறையிலிருந்து எழும் அந்தத் துஆவில், அடித்தவன் பெயரோடு அடிக்கச் சொன்னவன் பெயரும் இருந்தால் நம் நிலைமை என்ன?

யா அல்லாஹ்! அநீதி செய்வதை விட்டும், அநீதிக்குக் கைதட்டுவதை விட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக. காவலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் உள்ளத்துக்கு ஆறுதலும் நீதியும் தருவாயாக. பொறுப்பில் இருப்போரின் உள்ளத்தில் உன்னைப் பற்றிய அச்சத்தைப் போடுவாயாக. பிடிக்காதவருக்கும் நீதி செலுத்தும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.