வற்றிப்போன கேரீத்



2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் குறைந்து பனியன் கம்பெனிகளில் வேலையும் குறைந்தது. இப்படி ஒரு மாற்றம் வந்தாலே ராத்திரி தூக்கம் போயிடுது. அதைவிட வேதனை, "வீட்டுல ஏதோ பாவம் இருக்கு" என்று விசுவாசிகளே பேசுவது.

நான் கேட்கிறேன், எலியா என்ன பாவம் செய்தார்? 1 இராஜாக்கள் 17-ஐ வாசித்துப் பாருங்கள். கேரீத் ஆற்றண்டைக்கு அவரை அனுப்பினதே கர்த்தர்தான். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. அந்த ஆறும் வற்றிப்போச்சு! தேசத்தில் மழையில்லை, அதனால் வற்றிற்று. தேவமனிதனுக்கென்று தனி மழை பெய்யவில்லை. (அமராவதி வாய்க்காலில் தண்ணீர் நின்றால், விசுவாசி வயலைப் பார்த்து விட்டுவிட்டா காயுது?)

பிறகு வந்த வார்த்தையும் லேசானதல்ல. சாறிபாத்துக்குப் போ என்றார். அந்நிய ஊர், ஒருபிடி மாவு மட்டும் மிச்சமிருந்த ஒரு விதவை. ஆகாப் ராஜாவுக்கு முன்பாக நிமிர்ந்து நின்றவர், அவளிடம் தண்ணீரும் அப்பமும் கேட்கவேண்டியதாயிற்று. கட்டிங் மாஸ்டராக இருந்தவர் தோட்ட வேலைக்குப் போகும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருது. வெட்கப்படாதீர்கள், பிரியமானவர்களே. அந்தப் பானை மாவும் கலசத்து எண்ணெயும் மழை திரும்புகிறவரைக்கும் தீரவில்லை, அல்லேலூயா!

வருகிற வெள்ளி உபவாச ஜெபத்துக்கு முடிந்தவர்கள் ஒரு படி அரிசி கொண்டு வாங்க. வேலை நின்ற வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் அது போய்ச் சேரணும். கொண்டுபோகிறவர்கள் காரணம் விசாரிக்கவேண்டாம். ஜெபித்துவிட்டு வாருங்கள்.