வழக்காடு பயிற்சியும் வாய்மை விரதமும்

சட்டக் கல்லூரியில் பயிலும் என் பேத்தி சென்ற விடுமுறையில் ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, மாதிரி நீதிமன்றப் போட்டியில் முற்பகலில் வாதிக்காகவும் பிற்பகலில் பிரதிவாதிக்காகவும் பேசினேன். இரண்டும் மெய்யாகுமா? நம் வாய்மை விரதம் என்னாவது?"

இப்பயிற்சி வெறும் விளையாட்டன்று. இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள் இதற்கு 30 மதிப்பெண்கள் ஒதுக்கியுள்ளன. 1960-இல் தோன்றிய ஜெசப் போட்டியிலோ, கற்பனை நாடுகள் இரண்டின் பிணக்கு பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் வந்ததாகக் கொண்டு, ஒவ்வோர் அணியும் இரு நாடுகளின் சார்பிலும் எழுதவும் பேசவும் வேண்டும்.

இதில் பொய் எங்கே உள்ளது? வழக்கின் நிகழ்ச்சிகள் முன்னரே எழுதித் தரப்படுகின்றன. அவற்றை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. சட்டத்தை எக்கோணத்தில் நோக்குவது என்பதே வாதம். அநேகாந்தம் இதனை நயம் என்னும். தன் கோணமே முழு உண்மை என்று சாதித்துப் பிறவற்றை மறுக்கும்போதுதான் அது துர்நயமாகிறது. நம் நீலகேசியும் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் முதலியோரின் கொள்கைகளை எடுத்துரைத்தே மறுக்கின்றது. எதிர்வாதத்தை அறியாதவர் தம் வாதத்தையும் முழுதறியார்.

இவ்வளவும் கூறியபின் அவளிடம் ஒன்று கேட்டேன்: "உன் பக்கத்துக்கு எதிரான தீர்ப்பு எதனையேனும் அறிந்தும் மறைத்தாயா?"

சற்று நேரம் பேசாதிருந்தாள். "ஒன்று இருந்தது. எதிரணியினர் அதனைக் காணவில்லை, நானும் கூறவில்லை. அச்சுற்றில் வென்றோம்."

இரு பக்கம் பேசியதால் அவள் விரதம் குலையவில்லை, அம்மௌனத்தால் குலைந்தது. வெற்றியை நாடிய மானமும் மறைத்த மாயையும் அங்கே கைகோத்துக்கொண்டன. அன்று இழப்புக்குள்ளானது ஒரு பரிசு மட்டுமே. நாளை அதே பழக்கம் உண்மையான நீதிமன்றத்தில் ஒருவரின் நிலத்தையோ விடுதலையையோ பறிக்கலாம். அது வாய்மைக் குற்றத்தோடு நில்லாமல் இம்சையும் ஆகும். எதிரான தீர்ப்பைத் தானே எடுத்துக்காட்டி, அது இவ்வழக்கிற்கு ஏன் பொருந்தாது என விளக்குவதே உயர்ந்த வாதத்திறம். விளக்க இயலாவிடில், தோல்வியை ஏற்பதே முறை.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. பள்ளியில் பல ஆண்டுகள் சொற்போட்டி நடத்திப் பரிசளித்தவள் நான். எவ்வளவு திறமையாகப் பேசினர் என்று மதிப்பெண் இட்டேனேயன்றி, எதனை மறைத்துப் பேசினர் என்று ஒரு மாணவரையும் கேட்டதில்லை.

அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் இருவரும் அருகருகே அமர்ந்தோம். இருவருக்கும் நினைந்து வருந்த ஒரு குற்றம் இருந்தது.