காவற்பிரிவு

தாம்பரம் விமானத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22ஆம் தேதி காலையில் இருபத்தொன்பது பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு, வங்கக் கடலின் மேல் எங்கோ மறைந்துபோன ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகள், சென்னைக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன என்று 2024 ஜனவரி 12ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தபோது, செய்தித்தாள்கள் அதைக் கடலாராய்ச்சியின் வெற்றியாகவே பெரிதும் பிரஸ்தாபித்தன. கடலடியைப் படம் பிடித்த ஆளில்லாக் கலத்தின் திறமை மெச்சத்தக்கதே. ஆனால் அந்த விமானத்தில் சென்றவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். விமானப்படை, கப்பற்படை, தரைப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களுமாக, உத்தியோக நிமித்தம் தீவுக்குப் பறந்தவர்கள். அவர்கள் மறைந்த நாளுக்கும் அந்தப் படங்கள் வெளியான நாளுக்கும் நடுவே ஏழரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த அறிவிப்பு வெளிவந்து ஆறு வாரங்கள் ஆவதற்குள், கடலோரக் காவல்படையில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய பெண் அதிகாரி ஒருவர் தமக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது குறித்துத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. உடனே நாடெங்கும் திண்ணைதோறும் ஒரு கவலை முளைத்தது: பெண் கப்பலேறித் தீவுக்குப் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பது, குழந்தையை யார் வளர்ப்பது, வயோதிகரான மாமனார் மாமியாருக்கு யார் சோறு போடுவது? இந்தக் கவலை புதிதன்று. தரைப்படைப் பெண் அதிகாரிகளின் வழக்கில் அரசாங்கத் தரப்பே தாய்மையையும் இல்லறக் கடமைகளையும் தடையாக எடுத்துக்காட்டியதும், 2020 பிப்ரவரி 17ஆம் தேதித் தீர்ப்பில் நீதிமன்றம் அதைப் பழைய மனப்பழக்கம் என்று தள்ளியதும் பலர் அறிந்தவை. இங்கே நெஞ்சை உறுத்துவது வேறொன்று. கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரி முதல் தேதி இடைக்கால அமைப்பாகத் தோன்றி, மறு ஆண்டில் சட்டத்தின் மூலம் நிலைபெற்ற நாளிலிருந்து, ஆயிரக்கணக்கான ஆடவர்கள் வீட்டை விட்டுத் தீவுக்கும் கப்பலுக்கும் போயிருக்கிறார்களே, அப்போதெல்லாம் வீட்டை யார் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க ஒருத்தி இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டது யார் கணக்கிலும் ஏறவில்லை.

காவலுக்குப் போகிறவன் பிரதிக்ஞை செய்து போகிறான். அவன் மனைவியோ மக்களோ எந்தப் பிரதிக்ஞையும் செய்தவர்கள் அல்லர். ஆகவே அவர்கள் அனுபவிக்கும் கஷ்டம் தேசத்துக்கு அவர்கள் அளித்த காணிக்கையன்று, தேசம் அவர்களிடம் வாங்கிய கடன் என்பதே இந்த விஷயத்தில் தர்மத்தின் முடிவாக இருக்க முடியும். காணிக்கையைப் பெற்றவன் வாழ்த்திவிட்டு நகரலாம், கடன் வாங்கியவனுக்கு அந்த வசதி கிடையாது.

நம் முன்னோர் இதன் கனத்தை உணராதவர்கள் அல்லர். தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களை அடுக்கும் இறையனார் களவியல், ஓதலை அடுத்துக் காவலை வைக்கிறது. காவற்பிரிவு என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. கடல் கடந்து செல்பவன் மனைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்குப் பொருள் கொண்டவர் உண்டு. அதற்கு வேறு பொருள் சொன்ன உரைகாரரும் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாசறையில் பெண்ணொடு உறைதல் இல்லை என்பதும் அந்நூலின் விதியே. இவ்விதிகளைக் காட்டி, தீவுத் தளத்தில் குடும்பத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், அதே இலக்கணத்தின் வழிவந்த இலக்கியம் பிரிந்து சென்றவனைவிடப் பின்தங்கி இருந்தவளைப் பற்றியே மிகுதியும் பேசியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் மாலைப் பொழுதில் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கிறார்கள்; போனவன் திரும்புவான் என்பதற்கு அறிகுறியாக ஒரு நற்சொல், யார் வாயிலிருந்து வந்தாலும் சரி, காதில் விழாதா என்று நிற்கிறார்கள். நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைத் தேற்றித் திரிகையில், அரசி அரண்மனைக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். திருவள்ளுவரோ படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், பிரிவாற்றாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார்.

விரிச்சி கேட்டல் அழிந்த வழக்கம் என்று யார் சொன்னது? 2015 ஜூன் 8ஆம் தேதி சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் காணாமற்போய், ஒரு மாதத்துக்கு மேல் தேடிய பின்னரே கடலடியில் கிடைத்தது. அந்த ஒரு மாதமும் மூன்று வீடுகளில் தொலைபேசி மணி ஒலித்தபோதெல்லாம் நடந்தது வேறென்ன? ஏ.என்.-32 விஷயத்தில் அது ஏழரை ஆண்டுகளாக நீண்டது. ஒருவனைப் பற்றி ஏழாண்டுகள் செய்தியே இல்லையென்றால் அவன் இறந்தவனாகக் கருதப்படலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. படைத்துறை அவ்வளவு காலம் காத்திராமல், விமானம் மறைந்த சில வாரங்களிலேயே, இருபத்தொன்பது பேரும் இறந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பத்தாருக்குத் தெரிவித்தது. பென்ஷன் முதலிய காரியங்கள் தடைப்படாமல் நடக்க அது அவசியம். அதில் கருணையும் உண்டு. ஆயினும் உடல் கிடைக்காத வீட்டில், திதி எந்த நாளில் கொடுப்பது, பொட்டை அழிப்பதா வேண்டாமா என்ற கேள்விகளுக்கு எந்தச் சுற்றறிக்கையும் விடை சொல்வதில்லை.

இவ்விடத்தில் நம் மேடைப் பிரசங்கிகள் ஒரு பெரும் பிழை செய்கிறார்கள். முந்தைய நாட்களில் தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த பிறகும், தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பிய மறக்குடிப் பெண்ணை, ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டு முழங்காத ராணுவ விழா தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அவளைப் பாடியவர் ஒரு புலவர். அவளிடம் அந்த மகனைக் கேட்டு அரசன் ஓலை அனுப்பியதாகப் பாட்டில் இல்லை. தானே முன்வந்து செய்த தியாகத்தைப் புகழலாம். பிறரிடம் தியாகத்தை எதிர்பார்த்து, அதைப் புகழ்ச்சியால் ஈடுகட்ட நினைப்பது, கூலிக்குப் பதில் பூமாலை போடுகிற கதைதான். இராமகாதையில் இலட்சுமணன் பதினான்கு ஆண்டுகள் கண்ணிமைக்காமல் காவல் நின்ற பெருமையைப் பேசாத நா இல்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளை அயோத்தியில் கழித்த ஊர்மிளையோ காவியத்தில் பெயரளவுக்கு மேல் இடம் பெறவில்லை. அவள் எந்தப் பிரதிக்ஞையும் செய்யவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தீவுத் தளம் எத்தகையது என்பதை நிலத்தில் இருப்போர் எளிதில் உணர்வதில்லை. போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பேக்கு மீண்டும் கப்பல், அதுவும் கடல் கொந்தளிக்காத பருவத்தில். சுமத்திராவின் வடமுனைத் தீவுகள் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்துக்குப் போஸ்டிங் வந்தவுடன் ஒரு குடும்பத்தில் எழுகிற கேள்விகள் வீர காவியத்தில் சேராதவை: குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்குமா, கிடைக்கும்வரை எங்கே இருப்பது; நடுவாண்டில் டி.சி. வாங்கினால் அங்கே எந்தப் பாடத்திட்டம்; பிரசவ காலத்தில் ஹெலிகாப்டர் வருமா; மனைவியும் உத்தியோகத்தில் இருந்தால் அவள் வேலையை விடுவதா, சம்சாரத்தை இரண்டாகப் பிரிப்பதா? பிரித்தால் ஒரு துன்பம், அழைத்துச் சென்றால் வேறொன்று. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தின் குடியிருப்புகளுக்குள் கடல் புகுந்தபோது, படைவீரரும் அவர்தம் மனைவி மக்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுமுறை நாள், குழந்தைகள் வீட்டில் இருந்த நேரம். அதே காலையில், இங்கே திருக்கழுக்குன்றத்துக்குத் தென்கிழக்கே, கல்பாக்கத்து ஊழியர் குடியிருப்புக்குள்ளும் கடல் வந்தது. அங்கும் குடும்பங்கள் அழிந்தன. கடலோரத்தில் குடியிருப்பு அமையும் இடத்தைத் தேர்ந்தவர்கள் வேறு, அங்கே உறங்கியவர்கள் வேறு.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லை காக்கும் படையில் யார் எங்கே போவது என்பதை அவரவர் வீட்டு வசதி தீர்மானிக்கலாகாது. அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவே படையினரின் அடிப்படை உரிமைகளைப் பாராளுமன்றம் சுருக்கலாம் என்று இடம் தருகிறது. உண்மைதான். ஆனால் சுருக்கலாம் என்றது படையினரின் உரிமையை, அவர் வீட்டுக் குழந்தையின் உரிமையை அன்று.

கடன் என்று சொன்னதற்குப் பிரமாணம் வேண்டுமானால் ஏராளம் உண்டு. மகாபாரதத்தின் சபா பருவத்தில் நாரதர் தருமபுத்திரரிடம் ராஜதர்மத்தை விசாரிக்கும்போது கேட்கும் கேள்விகளில் ஒன்று, உனக்காக மாண்டவர்களின் மனைவியரைக் காப்பாற்றி வருகிறாயா என்பது. ஈவிரக்கத்துக்குப் பெயர் போனவர் அல்லாத கௌடில்யரே, பணியில் இறந்தவர்களின் மனைவி மக்களுக்கு உணவும் ஊதியமும் உண்டு என்று அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணத்தில் விதித்திருக்கிறார். தமிழ்நாட்டில் களத்தில் பட்டவனுக்கு நடுகல் நாட்டியதோடு நில்லாமல், அவன் குடும்பத்தாருக்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற பெயர்களில் நிலம் விட்டார்கள். நெய்த்தோர் என்றால் இரத்தம், அந்தச் சொல்லிலேயே கடனின் தன்மை விளங்கும். வள்ளுவர் படைமாட்சியில், வெல்லும் படைக்கு இருக்கலாகாதவை எவையென்று கூறுமிடத்தில், நீங்காத மனக்கசப்பையும் வறுமையையும் சேர்த்தே சொல்கிறார். வீட்டை நினைந்து புழுங்குபவனிடம் நீங்காத கசப்பு இராது என்று எந்தத் தளபதி உறுதி கூறுவான்? நம் காலத்திலும், 2022 மார்ச் 10ஆம் தேதி, சுங்கத்துறை ஊழியர்களின் இடமாற்ற வழக்கு ஒன்றில், இடமாற்றம் கேட்பது உரிமையன்று என்ற நிலையை விடாமலேயே, கணவன் மனைவியர் ஓரிடத்தில் வாழ்வதற்குரிய கொள்கையை அரசாங்கம் கண்ணியத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சுங்கத்துறைக்குப் பொருந்துகிற தர்மம், காவல்படைக்குக் கடுமை குறைத்துப் பொருந்தலாமே தவிர, பொருந்தாமல் போகாது. கடலோரக் காவல்படையின் முத்திரை வாசகம் ‘நாங்கள் காக்கிறோம்’ என்று பொருள்படுவது. அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் சீருடை அணியாதவர்களும் இருக்கிறார்கள்.

அரசுகள் மாறும், அதிகாரிகள் மாறுவார்கள், யார் கொடுத்த வாக்கை யார் காப்பது என்று கேட்பவர்களுக்குத் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்று விடையாக நிற்கிறது. பல்லவன் கந்தசிஷ்யன் இவ்வூர் இறைவனுக்கு விட்ட நிலத்தை, வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் அப்படியே காத்தான். பல்லவரை வீழ்த்தி இந்நாட்டைக் கொண்ட முதலாம் ஆதித்த சோழன், தன் பகைவர் குலத்தின் அந்தக் கொடையைத் தன் இருபத்தேழாம் ஆட்சியாண்டில் புதுப்பித்துக் கல்லில் வெட்டினான். மலைச்சரிவில் உள்ள ஒருகல் மண்டபத்தில் வேறு வகை எழுத்தும் உண்டு: சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைச் சேர்ந்த டச்சுக்காரர்கள், பதினேழாம் நூற்றாண்டில் இங்கே ஏறிவந்து தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் வீட்டை விட்டுக் கடல் கடந்து காவலுக்கும் வாணிபத்துக்கும் வந்தவர்களே. அவர்களை அனுப்பிய கம்பெனி 1799இல் கலைந்தது. ஊர் திரும்பாதவர்களின் கல்லறைகள், செதுக்கு வேலைப்பாடு அமைந்த பலகைக் கற்களோடு, சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் காவலில் கிடக்கின்றன.