காயில் உறங்கும் கேடு

பழுக்க வைத்த மாங்காயின் பச்சைத் தோலில் ஒரு மாசும் இருப்பதில்லை. நிறம் மாறி மணம் எழும் நேரத்தில்தான் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றன. கேடு கூடையில் வந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில், பிஞ்சாக இருந்தபோதே அது உள்ளே புகுந்துவிட்டது.

ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இந்நோய்க்குக் காரணம் கொலெட்டோட்ரைகம் என்னும் பூஞ்சை. காய்ந்த கிளைகளில் தங்கியிருக்கும் அதன் வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது பூவிலும் பிஞ்சிலும் விழுகின்றன. ஈரத்தில் முளைத்து, தோலில் இறுக ஒட்டிக்கொண்டு, நுண்ணிய ஊசிபோல் உள்ளே துளைக்கின்றன. ஆயினும் காய்க்குக் காவல் உண்டு. பச்சைத் தோலிலுள்ள ரிசார்சினால் என்னும் பொருள்கள் பூஞ்சையை வளரவிடுவதில்லை. வளராத பூஞ்சை சாவதுமில்லை, உறங்கிக் காத்திருக்கிறது. காய் பழுக்கையில் அப்பொருள்கள் குறைகின்றன, தோல் மென்மையாகிறது. உடனே பூஞ்சை விழித்தெழுந்து, அம்மோனியாவைச் சுரந்து, சதையைத் தனக்கேற்றவாறு மாற்றிக் கரைக்கத் தொடங்குகிறது. காவலை அது உடைக்கவில்லை; காவல் தளரும்வரை பொறுத்திருந்தது.

பதஞ்சலி முனிவர், விருப்பு, வெறுப்பு முதலிய கிலேசங்களுக்கு நான்கு நிலைகளைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது பிரசுப்தம், அதாவது உறங்கும் நிலை. ஜபமும் விரதமும் மிகுந்த தொடக்க காலத்தில் சாதகரிடம் ஆசையும் அகந்தையும் தலைகாட்டுவதில்லை. அவை அழிந்துவிட்டன என்று அவர் நம்புகிறார். பின்னர் பலர் வந்து வணங்குகின்றனர், புகழ் சேர்கிறது, விழிப்பு தளர்கிறது. அப்போது அகந்தை எழுந்தால், புகழ்தான் அவரைக் கெடுத்தது என்கிறது உலகம். புகழ் புதிதாக எதையும் விதைக்கவில்லை. உறங்கியதை எழுப்பியது, அவ்வளவே.

மாந்தோப்பு வளர்ப்போர் இதற்கு வழி அறிவர். காய்ந்த கிளைகளைக் கழித்து எரிக்கின்றனர். பூக்கும் பருவத்திலேயே மருந்து தெளிக்கின்றனர். பறித்த காய்களைச் சுமார் 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் மூழ்க வைத்து, உறங்கும் பூஞ்சையைச் சூட்டால் ஒடுக்குகின்றனர். சூடு மிகுந்தால் பழமே கெடும், அளவு தேவை.

சாதகருக்கும் இதுவே நெறி. தீய எண்ணத்திற்கு இடமளிக்கும் சேர்க்கையை விலக்க வேண்டும்; எண்ணம் எழும் முதற்கணத்திலேயே அதை அறிய வேண்டும்; அளவறிந்த தவத்தால் அகத்தைச் சூடேற்ற வேண்டும். மாங்கனிக்கு ஒரு குறை உண்டு: பழுக்கும்போது தன் காவலைத் தானே இழந்துவிடுகிறது. மனிதருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கனிந்த பின்னும் பணிவோடு விழித்திருப்பது அவருக்கு இயலும். இறைவனின் அருளை நாடி, இனிமை பெருகும் காலத்தில் காவலையும் பெருக்குபவரே உண்மையில் கனிந்தவர்.